அபராதம் கட்டிய பிறகு வரும் தபால்

டீ சொல்லியாகிவிட்டது, உட்காருங்கள். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட வழக்கை நம் ஊரில் ‘டிடி கேஸ்’ என்பார்கள். பிடிபட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பாதியளவுக்குத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கோர்ட்டில் பத்தாயிரம் கட்டினோம், வண்டியை எடுத்தோம், விட்டது தொல்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு ஒருநாள் ஆர்டிஓ ஆபீஸிலிருந்து தபால் வருகிறது. “அதான் கட்டியாச்சே அண்ணே, இது எதுக்கு?” என்று கேட்டு, அதைப் பிரித்தும் படிக்காமல் டிவி மேல் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆட்டோ, கால் டாக்ஸி, வேன் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தத் தபால்தான் கோர்ட்டு அபராதத்தைவிடப் பெரிய விஷயம். அதைப் பற்றிப் பேசத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

முதலில் ஒன்றை மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். செய்த குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது மாஜிஸ்திரேட் கோர்ட்டின் வேலை. உங்கள் கையில் லைசென்ஸ் இருக்கலாமா என்று முடிவெடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலரின் வேலை. இரண்டும் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் இருந்துதான் வருகின்றன. ஆனால் ஒன்று முடிந்ததால் மற்றொன்று முடிந்துவிடாது.

கோர்ட்டு பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 185-ஆம் பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இங்கிலாந்தில் இந்த அளவு 80 மில்லிகிராம். நம் சட்டம் அதைவிட வெகு கண்டிப்பானது. ‘ஒரு பீர்தானே’ என்ற கணக்கு இங்கே செல்லாது. முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஹெல்மெட் போடாததற்கு இணக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு போலீஸே முடித்துவிடலாம். 200-ஆம் பிரிவு அதற்கு வழி விட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் 185 கிடையாது. மாஜிஸ்திரேட் முன்னால் போயே ஆகவேண்டும்.

கைது என்றதும் வீட்டில் பதறுவார்கள். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை, யாருடைய தயவும் வேண்டியதில்லை. 202-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடத்த வேண்டும், நடத்தவில்லை என்றால் காவலிலிருந்து விடுவித்துவிட வேண்டும். ஆகவே எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு ஊதச் சொன்னார்கள், ஆஸ்பத்திரிக்கு எப்போது கூட்டிப் போனார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். வக்கீல் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

ஊதும் கருவியின் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நேரம், கருவியின் எண், காட்டிய அளவு எல்லாம் அதில்தான் இருக்கும். ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டியதா, புதுக்குழாய் மாட்டினார்களா என்பது நியாயமான கேள்வி. வாய் கழுவும் திரவம், சில இருமல் மருந்து போன்றவற்றில் ஆல்கஹால் உண்டு. வாயில் மிச்சமிருக்கும் அது சில நிமிடங்களுக்குக் கருவியை ஏமாற்றலாம். உண்மையாகவே குடிக்காதவர் அங்கேயே ரத்தப் பரிசோதனை கேட்பது நல்லது. வாசனையும் தள்ளாட்டமும் மட்டும் போதுமான சாட்சி ஆகாது, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971-இலேயே ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் ‘ஊதவே மாட்டேன்’ என்று முரண்டு பிடிக்காதீர்கள். தக்க காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று 205-ஆம் பிரிவு இருக்கிறது.

இனி லைசென்ஸ். இங்கேதான் நிதானமாகக் கேட்க வேண்டும்.

ரோட்டில் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுப்பார்கள். ‘ரசீது இருக்கிறதே, அதைக் காட்டி ஓட்டலாம்’ என்று ஸ்டாண்டில் யாராவது சொல்வார்கள். 206-ஆம் பிரிவில் இரண்டு விதமான ரசீது இருக்கிறது. பழைய விதி ஒன்றின்படி, ஓட்டுநர் தலைமறைவாகிவிடுவார் என்று சந்தேகித்து லைசென்ஸை வாங்கினால், அந்த ரசீதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட தேதி வரை ஓட்டலாம். 2019 திருத்தச் சட்டம் நான்காவது உட்பிரிவு ஒன்றைச் சேர்த்தது. குடித்து ஓட்டியது, அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல், ஹெல்மெட் இல்லாமை போன்றவற்றுக்காக லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்டிஓவுக்கு அனுப்பினால், கொடுக்கும் ரசீது ஓட்டுவதற்கு அனுமதி ஆகாது. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது. ஸ்டாண்டில் சொல்கிறவர் முதல் விதியை மனதில் வைத்துச் சொல்கிறார். உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது. கார்டு கையிலேயே இருந்தாலும் நிலைமை மாறாது. லைசென்ஸ் விவரம் முழுக்கக் கணினியில் இருக்கிறது. சஸ்பெண்ட் ஆனது அங்கே தெரிந்துவிடும்.

போலீஸ் கைப்பற்றலாம், அனுப்பலாம். சஸ்பெண்ட் செய்யும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை. 2022-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அதிவேகத்துக்காகப் போக்குவரத்துப் போலீஸே ஒருவரின் லைசென்ஸை முடக்கிய வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. முடிவு ஆர்டிஓவுடையது. அவரும் எடுத்த எடுப்பில் கையெழுத்துப் போட முடியாது. 19-ஆம் பிரிவு அவருக்கு இரண்டு கடமை வைத்திருக்கிறது: உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும், என்ன உத்தரவு போட்டாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உங்களைக் கேட்பதற்காக அவர் அனுப்புவதுதான் அந்தத் தபால், ஷோ காஸ் நோட்டீஸ். கேட்காமலே போட்ட உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஆனால் நோட்டீஸ் வந்தும் நீங்கள் பதில் எழுதவில்லை என்றால் அந்த வாதம் உங்களுக்குக் கிடைக்காது. லைசென்ஸில் பழைய முகவரி இருந்தால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குத்தான் போகும். வீடு மாறியவர்கள் காத்திருக்காமல் ஆர்டிஓ ஆபீஸுக்கே போய் விசாரித்துவிடுங்கள்.

பதிலில் என்ன எழுதுவது? மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு, ஆர்டிஓவிடம் ‘நான் குடிக்கவே இல்லை’ என்று எழுதினால் எடுபடாது. அதனால்தான், கோர்ட்டில் தலையாட்டுவதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்கிறேன். அங்கே ஒப்புக்கொள்வது முதல் குற்றமாகப் பதிவாகிவிடும். அடுத்த முறை அது உங்கள் முன்னால் வந்து நிற்கும். உண்மையில் குற்றம் செய்திருந்தால் ஒப்புக்கொள்வதே சரி. ஆனால் அதன் விளைவு இன்னதென்று தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் அளவுகோல் இப்படி: போலீஸ் அனுப்பிய லைசென்ஸில், விளக்கம் திருப்தியாக இருந்தால் ஆர்டிஓ உங்களை விடுவிக்கலாம். இல்லையென்றால் முதல் குற்றத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பு. இரண்டாவது குற்றத்துக்கு லைசென்ஸே ரத்து. பலருக்கும் தெரியாத ஒரு வாசகம் அதே 19-ஆம் பிரிவில் இருக்கிறது. எல்லா வகை வண்டிக்கும் தடை போடலாம், அல்லது ஏதேனும் ஒரு வகைக்கு மட்டும் போடலாம் என்கிறது அது. பகலெல்லாம் கால் டாக்ஸி ஓட்டுகிறவர், லீவு நாளில் தன் சொந்த பைக்கில் பிடிபட்டார் என்று வையுங்கள். தடையை இருசக்கர வாகனத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி அவர் எழுத்தில் கேட்கலாம். கொடுப்பது அதிகாரியின் முடிவு. கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது. முதல் குற்றம்தான், விபத்து எதுவும் இல்லை, குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர்தான், லைசென்ஸ் போலீஸிடம் போய் இத்தனை நாளாயிற்று, அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள் என்பதையெல்லாம் ஆதாரத்தோடு சொல்லுங்கள். நல்ல வக்கீல் இதை ஒரே பக்கத்தில் எழுதித் தருவார். கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உத்தரவு எதிராக வந்தால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு போட்டதாலேயே ஓட்டிவிட முடியாது. ஆர்டிஓவின் உத்தரவை நிறுத்தி வைக்கும்படி தனியாகக் கேட்டு ‘ஸ்டே’ வாங்க வேண்டும். நடைமுறை அடியோடு மீறப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்ற வழியும் உண்டு. தகுதியிழப்புக் காலம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக உயிர் பெற்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று அதே 2019 திருத்தம் சொல்கிறது.

இந்த மூன்று மாதத் தகுதியிழப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அதில் நம் ஊர்க்காரர் ஒருவரின் பங்கு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்கக் கோரி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பேரில் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. குடித்து ஓட்டுகிறவர்களின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்க வேண்டும் என்று அந்தக் குழு 2015 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. நொறுங்கிய எலும்புகளை மேஜை மேல் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு மருத்துவர் தொடங்கி வைத்தது இது. அதனால் இந்த மூன்று மாதத்தை அதிகாரிகளின் கெடுபிடி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பிழைப்பு போகிறதே என்ற வலி எனக்குப் புரிகிறது. 2006-இல் மும்பையில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் மேல் குடிபோதையில் கார் ஏறிய வழக்கையும் நினைத்துப் பார்க்கிறேன். அங்கே செத்தவர்களும் அன்றாடம் உழைத்துச் சாப்பிட்டவர்கள்தான். ஓட்டியவரின் மூன்றாண்டு சிறைத் தண்டனையை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சஸ்பெண்ட் காலத்தில் ‘பக்கத்துத் தெருதானே’ என்று வண்டியை எடுத்தால் அது தனிக் குற்றம். 182-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். அப்போது விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். போதையில் ஓட்டியதென்றால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். பரிசோதனையே நடக்காவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்துக் கம்பெனி அதை நிரூபிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்பீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகாக்களில் அதன் வட்டக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளிகள், வருமான வரம்புக்குக் கீழே உள்ளவர்கள் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், அவருக்கும் இலவசம். வெறும் ஆலோசனைக்கும் போகலாம்; நோட்டீஸைக் காட்டி ‘இதற்கு என்ன எழுதுவது’ என்று கேட்பதற்கே போகலாம்.

ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ‘ஐயாயிரம் கொடு, நாளைக்கே லைசென்ஸ்’ என்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். அவர் கொடுக்கிற காகிதம் கணினியில் இருப்பதை மாற்றாது; லஞ்ச வழக்கும் சேர்ந்துகொள்ளும். அதேபோல, ‘கேஸே இல்லாமல் ஆக்கிவிடுகிறேன்’ என்று சொல்கிற வக்கீலிடமும் போகாதீர்கள். குடித்ததைக் குடிக்கவில்லை என்று ஆக்கித் தருவதற்காகச் சட்ட உதவி ஏற்படவில்லை. சோதனை முறையாக நடந்ததா, உங்கள் பேச்சைக் கேட்டார்களா, தண்டனை சட்டம் சொன்ன அளவைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது.

நோட்டீஸ் வந்திருந்தால் இன்றைக்கே பிரித்துத் தேதியைப் பாருங்கள். பதில் கொடுக்கக் கடைசி நாள் எது என்று அதில் இருக்கும். யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லா எண் அது.