சார்ஜ் ஏறலையா? முதல்ல ஓட்டையைப் பாருங்க!

போன மாசம் எங்க வீட்டு போன் திடீர்னு படுத்துட்டுது. சார்ஜரைச் சொருகினா 'டிங்'னு ஒரு சத்தம் வரும், மின்னல் படம் வரும், ரெண்டு நிமிஷத்துல போயிடும். எங்க வீட்டுல இருக்கறது அந்த ஒரே போன்தான். அம்மா ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டு அங்கேயே ஹாஸ்டல்ல தங்கியிருக்காங்க. ராத்திரி 9 மணிக்கு அம்மா பேசினாத்தான் தம்பி சாப்பிடுவான். ரெண்டு நாள் போன் போகலைன்னதும் அம்மா பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டு அழுதுட்டாங்க.

அப்பா ஒரு கடையில காட்டினார். "போர்டு போயிருக்கு, 1,800 ரூபா ஆகும்"னு சொல்லிட்டாங்களாம். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து, "அடுத்த சந்தைக்கு அந்தக் கருப்புக் குட்டியைப் புடிச்சிட்டுப் போயிடலாமா கண்ணு?"ன்னார். நான் புட்டிப்பால் குடுத்து வளர்த்த குட்டி அது! ஒரு நாள் டைம் குடுங்கப்பான்னு கேட்டுட்டு நம்ம அறிவியல் ஆசிரியர்கிட்ட ஓடினேன்.

அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாரு. எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா எதுல குத்தம்னு தெரியவே தெரியாது." நம்ம செய்முறை வகுப்புல செய்யறதுதானே இது! அதனால முதல்ல ப்ளக் பாயிண்ட்டை மட்டும் மாத்தினேன். ஏறலை. அப்புறம் அதே ஒயரோட பக்கத்து வீட்டு சார்ஜரைப் போட்டேன். ஏறலை. அப்புறம் அவங்க ஒயரையும் போட்டுப் பார்த்தேன். அப்பவும் ஏறலை. ஆனா ஒண்ணு கவனிச்சேன். எந்த ஒயரைப் போட்டாலும் முழுசா உள்ளே போகாம கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டே நின்னுது. அப்போ குத்தம் போன் பக்கம்தான்.

டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பார்த்தா, உள்ளே மெத்தை போட்ட மாதிரி அழுக்கு! அப்பா சந்தைக்குப் போறப்ப போனை ஜோப்புலதான் வெச்சுக்குவார். சட்டை நூல், தூசி, ஆட்டு முடி எல்லாம் உள்ளே போயி, ஒவ்வொரு தடவை சொருகும்போதும் அமுங்கி அமுங்கி அடைச்சிருக்கு.

டைப்-சி ஓட்டைக்கு நடுவுல நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கும். மேலயும் கீழயுமா மொத்தம் 24 தொடுமுனைகள் அதுலதான் இருக்கு. அதனால ஊக்கு, ஊசியெல்லாம் விட்டுக் குத்தாதீங்க. தகடு உடைஞ்சா அப்புறம் நிஜமாவே செலவுதான். நான் போனை ஆஃப் பண்ணிட்டு, மரத்துல செஞ்ச பல்குத்தும் குச்சியால ஓரத்துல மட்டும் மெதுவா சுரண்டினேன். வாயால ஊதறதும் தப்பு, எச்சில் ஈரம் உள்ளே போயிடும். பத்து நிமிஷத்துல ஒரு சின்ன உருண்டை அழுக்கு வந்துச்சு. சொருகினேன், 'டக்'னு உட்கார்ந்துது. சார்ஜ் ஏறுது! அப்பா ஒண்ணும் சொல்லலை, டீக்கடைக்குப் போயி எனக்கு வடை வாங்கிட்டு வந்தார்.

ஏறுச்சு, ஆனா எங்க பழைய ஒயர்ல மெதுவா ஏறுச்சு. பக்கத்து வீட்டு ஒயர்ல வேகமா ஏறுச்சு. இதுக்குக் காரணம் நம்ம புத்தகத்துல இருக்கற ஓம் விதியேதான். ஒயருக்கு மின்தடை 0.5 ஓம்னு வெச்சுக்குவோம். 2 ஆம்பியர் ஓடினா 0.5 × 2 = 1 வோல்ட் ஒயர்லயே காலி. சார்ஜர் குடுத்த 5 வோல்ட்டுல 4 வோல்ட்தான் போனுக்கு வந்து சேரும். பேட்டரி நிறையறப்ப அதுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேலயே வேணும். வோல்ட் விழறதைப் பார்த்த போன் தானே மின்னோட்டத்தைக் குறைச்சுக்கும். நீளமான, மெல்லிசான, கழுத்துல மடங்கி நைஞ்ச ஒயர் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

சார்ஜர் முதுகுல பொடி எழுத்துல 'அவுட்புட்'னு போட்டிருக்கும், அதையும் படிங்க. 5 வோல்ட், 1 ஆம்பியர்னா 5 வாட். 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில சுமார் 19 வாட்-மணி சக்தி பிடிக்கும். கணக்குப்படி 4 மணி நேரம். சூடா வீணாகறதையும், கடைசி 20 சதவீதம் வேணும்னே மெதுவா ஏறறதையும் சேர்த்தா 5 மணி நேரம். பட்டன் போன் காலத்து அரை ஆம்பியர் சார்ஜரைப் போட்டுட்டு படம் பார்த்தா, ஏறறதுக்குப் பதிலா இறங்கினாலும் ஆச்சரியமில்லை!

வெயில் காலத்துல தகர ஷீட்டுக்குக் கீழ வெச்சா, போன் தன்னைக் காப்பாத்திக்க சார்ஜை நிறுத்திடும். அது ரிப்பேர் இல்லை. நிழல்ல வெச்சு ஆறவிட்டா போதும். ஃபிரிட்ஜுல மட்டும் வெச்சுடாதீங்க, உள்ளே நீர் கோத்துக்கும். தண்ணியில விழுந்த போனை அரிசிக்குள்ள புதைக்கறதும் வேண்டாம். அரிசித் துணுக்கு உள்ளே போகும்னு ஆப்பிள் கம்பெனியே எச்சரிச்சிருக்கு. ஓட்டையைக் கீழ் பார்த்து வெச்சு, லேசாத் தட்டி, காத்தாட விட்டுடுங்க.

ஒண்ணு மட்டும் வீட்டுல கை வைக்கவே கூடாது. போனோட முதுகு உப்பியிருந்தா உள்ளே பேட்டரியில வாயு சேர்ந்திருக்குன்னு அர்த்தம். அப்போ சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க. கடையிலதான் குடுக்கணும். 2007 ஆகஸ்டுல நோக்கியா கம்பெனி, பிஎல்-5சி பேட்டரியில சுமார் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் ஏறும்போது சூடாகலாம்னு அறிவிச்சு, மாத்தித் தர்றதாச் சொன்னது. அதே நோக்கியாவுக்கு நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல இருந்து 2014 வரைக்கும் தொழிற்சாலை இருந்துச்சு. அது பூட்டிக் கிடந்த அப்புறம், 2019-ல அந்த இடத்தை எடுத்துக்கறதா அறிவிச்சது எந்தக் கம்பெனி தெரியுமா? சால்காம்ப். அவங்க செய்யறது சார்ஜர்!

வாட்ச் வெச்சிருக்கறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. தம்பிக்கு மாமா குடுத்த ஸ்மார்ட் வாட்ச்சும் ஏறலை. அடியில இருக்கற ரெண்டு புள்ளியிலயும் வேர்வை உப்பு பச்சையா படிஞ்சிருந்துச்சு. லேசா ஈரத்துணியால துடைச்சு, நல்லா காய வெச்சதும் சரியாயிடுச்சு. பவர் பேங்க்ல போட்டா மட்டும் பாதியில நின்னுடும். வாட்ச் இழுக்கற மின்னோட்டம் ரொம்பக் கம்மிங்கறதால, எதுவுமே மாட்டலைன்னு நினைச்சு பவர் பேங்க் தானே அணைஞ்சுக்குது. இன்னொரு வேடிக்கை: டைப்-சி ஓட்டை வெச்ச சில மலிவான சாமான்கள், ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்கற ஒயர்ல ஏறவே ஏறாது. உள்ளே 5.1 கிலோ ஓம் மின்தடை இருந்தாத்தான் அந்தச் சார்ஜர் மின்சாரம் விடும், காசு மிச்சம் பிடிக்க அதைப் போடாம விட்டுடறாங்க. பழைய தட்டை வாய் ஒயரைப் போட்டா ஏறிடும். சாமான் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

அப்பா 150 ரூபாய்க்குப் புது ஒயர் வாங்கிட்டார். ராத்திரி 9 மணிக்கு அம்மா பேசறாங்க, தம்பி சாப்பிடறான். கருப்புக் குட்டியும் வீட்டுலயேதான் இருக்கு. நேத்து அந்தப் புது ஒயரை வாயில வெச்சு மென்னுக்கிட்டு இருந்துச்சு!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி