பெயரை மாற்றினால் ஆளை மறைத்ததாகுமா?

அமிர்திப் பக்கமிருந்து பஸ் ஏறி வேலூர் கல்லூரிகளுக்கு வரும் நம் பிள்ளைகளில் சிலர் கதை எழுதுகிறார்கள். 'எங்க தெரு ஆளுங்களை அப்படியே எழுதலாமா?' என்பதுதான் அவர்கள் நம்மிடம் அதிகம் கேட்கும் கேள்வி.

பாமாவுக்கு நடந்ததை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் பிறந்த பாமா, துறவு மடத்தைவிட்டு வெளியேறிய பின் 1992-இல் 'கருக்கு' எழுதினார். பசி, கூலி வேலை, இடுகாட்டுத் தகராறு, போலீஸ் அடி, தெருவில் வழங்கிய பட்டப்பெயர்கள் வரை எல்லாம் சேரிப் பேச்சிலேயே அதில் வந்தன. 'பாமா' என்பதே புனைபெயர்தான். ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தங்களை அசிங்கப்படுத்திவிட்டதாகச் சொந்த சனமே கொதித்தது. ஏழு மாதம் அவரால் ஊருக்குள் கால்வைக்க முடியவில்லை. படித்த இளைஞர்கள் புத்தகத்தில் இருப்பதை எடுத்துச் சொன்ன பிறகுதான் கோபம் தணிந்தது.

அந்தக் கோபத்தை அறியாமை என்று நாம் ஒதுக்கமாட்டோம். காலங்காலமாக நம்மைப் பற்றி அடுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நம் வீட்டுப் பெண்ணும் கேட்காமல் எழுதினால் வலிக்காதா?

அது தன்வரலாறு, கதையென்றால் பெயரை மாற்றிவிடலாமே என்பீர்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவல்தான். தலித்துகளுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியத்தின் பாட்டை அது சொன்னது. நமக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை வெளியே காட்டிக்கொடுக்கலாமா என்று தலித் வாசகர்களிடமிருந்தே கண்டனம் வந்தது. எழுதியது சரி என்பதே நம் கருத்து. எல்லாரும் துணி போட்டு வாங்கிய ஒருத்தியின் கண்ணீர் வேறு எப்படி வெளியே வரும்?

நம் தோல் பகுதியில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேனில் போய்வரும் ஓர் அக்காவை சூப்பர்வைசர் கேவலமாகப் பேசியதை நீங்கள் கதையாக்குகிறீர்கள். பெயரை மாற்றிவிட்டீர்கள். ஆனால் அவர் தைக்கும் பிரிவு, ஏறும் நிறுத்தம், விதவை என்பது, தெத்துப்பல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மறுநாளே வேனில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்குப் பரிசு கிடைக்கலாம். அவருக்கு வேலை போகும். அடையாளம் என்பது பெயரில் மட்டும் இல்லை. மூன்று பெண்களை ஒருத்தியாக்குங்கள். ஷூ கம்பெனியைத் தோல் ஷாப்பாக்குங்கள், ஆம்பூரை வாணியம்பாடியாக்குங்கள். அவமானத்தை மட்டும் மாற்றாதீர்கள், கதை அதில்தான் இருக்கிறது.

அச்சுக்கு அனுப்புமுன் அந்த அக்காவுக்கே படித்துக் காட்டுங்கள். எழுத்து தெரியாதவருக்கும் காது உண்டே. 'இதை எடுத்துடும்மா' என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும்.

திட்டிய சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பெயரையோ கம்பெனிப் பெயரையோ கதையில் போடாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவில் அவதூறு கிரிமினல் குற்றம். சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். வழக்கென்று வந்தால் வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவு உங்கள் அப்பாவின் கூலியிலிருந்துதான் போகும்.