குற்றம் கையிலா, அடுக்கிலா?

ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் ஒஷாவாவில், வீட்டு நிலக்கீழ் அறைப் பூல் மேசையில் முதல் அடி பிசுபிசுத்துப் போனால் பழி ஆடுபவரின் கைமேல்தான் விழும். பெரும்பாலும் குற்றவாளி பந்துகளின் அடுக்கு. 15 பந்துகளும் ஒன்றையொன்று தொட்டிருந்தால்தான் அடியின் வேகம் கடைசி வரிசைவரை ஒழுங்காகப் பாயும். முன்பந்துக்குப் பின்னால் மயிரிழை இடைவெளி விட்டாலும் பாதிக் கூட்டம் கலையாமல் கிடக்கும். பல வருடம் ஒரே இடத்தில் அடுக்கிய துணியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கும். முக்கோணச் சட்டத்தை எடுத்ததும் பந்து அவற்றுக்குள் நழுவும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வேகம் இரட்டித்தால் ஆற்றல் 4 மடங்காகுமே, ஓங்கி அடித்தால் என்ன என்று கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் வெள்ளைப் பந்து முன்பந்தை நேர் நடுவில் முட்டாமல் சற்று விலகினால், அந்த ஆற்றலில் ஒரு பங்கைத் தானே சுருட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிவிடும். ஓங்கும் கைக்குத்தான் குறி தவறும். அடுத்தது ஈரம்: கோடைப் புழுக்கத்தைக் கம்பளித் துணி உறிஞ்சிக்கொள்ள, பந்துகள் சீக்கிரம் களைத்து நிற்கும். பைகளற்ற கேரம் பில்லியர்ட்ஸ் போட்டி மேசைகளில் கற்பலகையைச் சூடாக்குவது இதற்காகத்தான். வீட்டில் அந்த ஆடம்பரம் வேண்டாம். ஈரத்தை இழுக்கும் மெஷின் ஒன்றை ஓடவிட்டு, துணியை ஒரே திசையில் பிரஷ்ஷால் துடைத்துவந்தால் போதும்.