வெளிநாட்டுப் பார்சலில் கசகசா வேண்டாம்!

வணிகப் பெருமக்களே! மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப மளிகை வாங்குவோர் ஏராளம். சரக்கைக் கட்டும் முன் ‘எந்த நாட்டுக்கு?’ என்று கேளுங்கள்.

குருமாவுக்குச் சேரும் கசகசா அபினிச் செடியின் விதை. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்குத் தடை உண்டு. பெறுபவர் வழக்கில் சிக்கலாம். கசகசா அரைத்த மசாலாப் பொடியும் ஆகாது. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சைக் குடும்பச் செடியாதலால், அங்குள்ள பழத்தோட்டங்களுக்கு நோய் பரவும் என்று தடுத்திருக்கிறார்கள்.

பொட்டலம்தோறும் பெயர் ஒட்டுங்கள். பில்லில் பெயர், எடை, விலை தனித்தனியே இருக்கட்டும். தபால் நிலையத்தில் சுங்கப் படிவம் நிரப்ப அது உதவும். நூறு கிராம் கசகசாவால் பார்சல் நின்றால், பழி கடைக்குத்தான்!