பழியைத் தாங்கிய பேராசிரியர்

களனி கங்கை கடலிற் கலக்கும் மட்டக்குளிக் கரையிலே, பருந்து சிறகசைக்காது வானில் வட்டமிடுவதை மாணாக்கர் பலர் கண்டிருப்பர். அது வீழாதிருப்பது எவ்வாறு என்று வினவுவோர் சிலரே. முதுமையிலும் அவ்வினாவை விடாதவர், விமானப் பொறியியலறிஞர் பேராசிரியர் சதீஷ் தவான். பறவைகள் பறக்கும் திறம்பற்றி அவர் எழுதிய நூல் 1991இல் வெளிவந்தது.

1920இல் சிறீநகரிற் பிறந்த தவான், லாகூரிலே பஞ்சாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். கணிதத்தையும் பௌதிகத்தையும் கற்றவர், ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் இயந்திரப் பொறியியற் பட்டமும் பெற்றார். இலக்கியமும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று பகை என்போர் இதனைச் சிந்தித்தல் நலம். பின்னர் அமெரிக்காவிலே, கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் 1951இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டார்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்து, ஒலியினும் விரைந்து காற்றோடும் சோதனைச் சுரங்கத்தை அங்கு நிறுவினார். 1962 முதல் 1981 வரை அக்கழகத்தின் பணிப்பாளராகவும் விளங்கினார். 1972இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமை அவரை நாடி வந்தபோது, கழகத்தை விட்டு நீங்கேன் என்னும் நிபந்தனையுடனேயே அதனை ஏற்றார். அதிகாரம் அழைத்தபோதும் வகுப்பறையைத் துறவாத உள்ளம் அது.

அவ்வுள்ளத்தின் உரம் 1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் புலப்பட்டது. சிறீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்.எல்.வி.-3 ரொக்கெட், இரண்டாம் கட்டக் கட்டுப்பாடு பழுதுற்றமையால் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்டத்தை நடத்தியவர் இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாம். கணினி எச்சரித்தும் ஏவத் துணிந்தவர் தாமே எனக் கலாமே பின்னாளிற் கூறியுள்ளார். ஆயினும், பத்திரிகையாளர் முன் தோன்றித் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் தவானே. பழுது மறைக்கப்படவில்லை, ஆராய்ந்து களையப்பட்டது. 1980 ஜூலை 18இல் ரோகிணி என்னும் செய்மதி விண்ணில் நிலைபெற்றது. அன்று பத்திரிகையாளரைச் சந்திக்குமாறு கலாமையே அனுப்பினார் தவான்.

நம் பாடசாலைகளை நோக்குவோம். பரீட்சைப் பெறுபேறு சிறந்தால் அப்புகழ் பாடசாலைக்கு. குறைந்தால் பழி மாணவனுக்கு. இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிக் காட்டியதே அவருடைய பெரும் போதனை. தோற்றவனைத் தாங்கும் ஆசிரியர் இருந்தாலன்றோ அவன் மீண்டும் முயல்வான்?

தவான் 2002 ஜனவரி 3ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் சிறீஹரிகோட்டா ஏவுதளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. அந்நாள், இந்தியாவில் ஆசிரியர் தினம்.