கரண்ட் ஏன் நின்றது?

பெங்களூரில் மார்கழி மாதக் காலை. நல்ல குளிர். வாளியில் ஹீட்டர் போட்டிருக்கிறது. மிக்சியில் சட்னி அரைபடுகிறது. திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. விளக்கும் அணைந்துவிடுகிறது.

சிலர் கரண்ட் வரும் வரை காத்திருப்பார்கள். சிலர் பெட்டியைத் திறந்து, விழுந்த சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவார்கள். இரண்டும் சரியல்ல. கரண்ட் நின்றதற்கு ஒரு காரணம் இருக்கும். வரிசையாகத் தேடினால் அது கிடைக்கும்.

கரண்ட் வரும் வழி

காவிரி ஆறு சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அந்த நீரின் வேகத்தைக் கொண்டு 1902-ஆம் ஆண்டு மின்சாரம் எடுத்தார்கள். முதலில் அது கோலார் தங்க வயலுக்குப் போனது. தூரம் சுமார் 147 கிலோமீட்டர். அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். 1905-ஆம் ஆண்டு பெங்களூர்த் தெருக்களிலும் மின்விளக்கு எரிந்தது.

இன்றும் கரண்ட் நெடுந்தூரம் வருகிறது. தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. அங்கிருந்து கம்பி வழியாக வீட்டு மீட்டருக்கு வருகிறது. பிறகு மெயின் சுவிட்ச். பிறகு வீட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் பெட்டி. கடைசியில் விளக்கும் மிக்சியும். இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் கரண்ட் நிற்கும்.

துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பலுக்கும் கரையிலிருந்து கேபிள் வழியாகக் கரண்ட் கொடுப்பது உண்டு. அது நின்றால், கரையில் கரண்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து கேபிள். அதற்குப் பிறகுதான் கப்பலின் உள்பக்கம். வீட்டுக்கும் இதே வரிசைதான். வெளியே தொடங்கி உள்ளே வர வேண்டும்.

தெருவிலா, வீட்டிலா?

முதலில் வெளியே எட்டிப் பாருங்கள். பக்கத்து வீடுகளிலும் கரண்ட் இல்லையா? அப்படியானால் கோளாறு தெருவில் இருக்கிறது. 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். கரண்ட் பில்லில் உங்கள் இணைப்பின் எண் அச்சாகி இருக்கும். அதைப் படித்துச் சொன்னால் இடம் கண்டுபிடிப்பது எளிது. டிரான்ஸ்பார்மரையோ கம்பத்தையோ யாரும் தொடக் கூடாது. அது லைன்மேன் வேலை.

விளக்கு மிகவும் மங்கலாக எரிகிறதா? அல்லது கண் கூசும்படி எரிகிறதா? உடனே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கம்பி இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கலாம். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் எரிந்து போகக்கூடும்.

உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையா? அப்போது சுவிட்ச் பெட்டியைப் பாருங்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது. காலில் செருப்பு இருக்கட்டும்.

பெட்டியில் இருக்கும் இரண்டு காவலர்கள்

பெட்டியில் சிறிய சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு எம்.சி.பி. என்று பெயர். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் இது தானாக விழும்.

ஒரு சிறு கணக்கு. எம்.சி.பி.யில் 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. கரண்டின் அழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 3,680 வாட். அந்த லைன் தாங்குவது அவ்வளவுதான். 2,000 வாட் கீசரும் 2,000 வாட் கரண்ட் அடுப்பும் அதே லைனில் ஒன்றாக ஓடினால் 4,000 வாட் ஆகிறது. இது அந்த அளவை மீறுகிறது; நெடுநேரம் ஓடினால் எம்.சி.பி. விழக்கூடும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் போட்டால் போதும்.

இன்னொரு காவலன் ஆர்.சி.சி.பி. இது கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்கும். போன கரண்ட் முழுதும் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கரண்ட் ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ கசிந்தால் உடனே விழும். வீட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவு. 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுக்கும் கரண்டை விட இது குறைவு. அவ்வளவு சிறிய கசிவையும் பிடித்துவிடும். எம்.சி.பி.யால் இது முடியாது.

கசிவை எப்படித் தேடுவது?

ஆர்.சி.சி.பி. விழுந்தால் இப்படிச் செய்யுங்கள்:

1. எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளுங்கள். பிளக்குகளை எல்லாம் பிடுங்குங்கள்.
2. ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
3. நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ, அந்த லைனில் கோளாறு. அதை அப்படியே விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.
4. எல்லாம் நின்றால், பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகி சுவிட்சைப் போடுங்கள். எதைப் போட்டால் விழுகிறதோ, அந்தச் சாமானில் கசிவு. பழுது பார்க்கும் வரை அதைத் தொடாதீர்கள்.

வாளியில் போடும் ஹீட்டர், பழைய இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றில் கசிவு வருவது உண்டு. மழைக்காலத்தில் ஈரச் சுவரையும் கவனியுங்கள்.

காவலனைக் கட்டிப் போடாதீர்கள்

"இது அடிக்கடி விழுகிறது, தொல்லை" என்று சிலர் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடுவார்கள். பழைய வீடுகளில் ஃபியூஸ் போனால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். பிறகு கரண்ட் நிற்காது. ஆனால் சுவருக்குள் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும். கசிவு ஆளைக் கொல்லும். மெல்லிய ஃபியூஸ் கம்பி உருகிப் போவதால்தான் வீடு பிழைக்கிறது. சரியான அளவுக் கம்பியைத்தான் போட வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது பழுது. மாற்றிவிடுங்கள். வாடகை வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எர்த் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அறுந்த கம்பி

2023 நவம்பர் 19 அன்று காலை, பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பகுதியில் நடைபாதையில் மின்கம்பி அறுந்து கிடந்தது. அதை மிதித்த ஓர் இளம் தாயும் அவர் கையிலிருந்த குழந்தையும் இறந்து போனார்கள். கம்பியைப் பார்த்தால் அதில் கரண்ட் இருக்கிறதா என்று தெரியாது. ஆகவே, கீழே கிடக்கும் எந்தக் கம்பிக்கும் அருகில் போகாதீர்கள். மற்றவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். 1912-க்குச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒருவரைக் கரண்ட் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்றே ஒரு வேலை

ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள். "விளக்கு", "சமையல் அறை", "கீசர்", "மோட்டார்" என்று தெளிவாக எழுதுங்கள். அந்தந்த எம்.சி.பி.க்கு மேலே ஒட்டுங்கள். கதவின் பின்பக்கம் 1912, 108 என்ற எண்களையும் எழுதி வையுங்கள். ஆபத்து நேரத்தில் வீட்டில் யார் இருந்தாலும் அதைப் படித்து உடனே செயல்பட முடியும்.