கை சுத்தமும் கடற்பயணமும்



கொழும்புத் துறைமுகத்திற்கு அவ்வப்போது வந்து தங்கிச் செல்லும் வெண்ணிறப் பெருங்கப்பல்களை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். பத்துப் பன்னிரண்டு மாடிகளையுடைய மாளிகையொன்று நீரின்மேல் மிதந்து வருவது போல அவை தோன்றும். சரக்கு ஏற்றுவது அவற்றின் தொழில் அன்று. உண்டும், ஆடியும், பாடியும், துறைமுகந்தோறும் இறங்கி ஊர் பார்த்தும், ஈற்றிலே புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவதற்காக மக்கள் அவற்றில் ஏறுகின்றனர். உல்லாசப் பிரயாணக் கப்பல்கள் என்று அவற்றைக் கூறுகின்றோம்.

இத்தகைய கப்பலொன்றிலே வயிற்று நோய் பரவத் தொடங்கினால் என்ன நிகழ்கின்றது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கப்பலேறும் பேறு நம்மிற் சிலருக்கே கிட்டும். அங்ஙனமிருக்க இப்பொருள் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கப்பல் என்பது வேலியடைத்த ஒரு சிற்றூர். நமது ஊர்களிலே கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிடும் ஒன்று, அங்கே தலையெண்ணிக் கணக்கிடக்கூடிய வகையில் நடைபெறுகின்றது. ஆதலின், கப்பலிலே கற்கும் பாடம் கரையிலும் பயன்படும்.

முதலில் உண்மையாக நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். 2014 ஆம் ஆண்டு சனவரி மாதம் 21 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்திலுள்ள பேயோன் துறைமுகத்திலிருந்து ‘எக்ஸ்புளோரர் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பல் கரிபியன் தீவுகளை நோக்கிப் புறப்பட்டது. வடக்கே கடுங்குளிர், தெற்கே இளவெயிலும் நீலக் கடலும். பத்து நாட்களை இன்பமாகக் கழிக்கலாம் என்னும் நம்பிக்கையோடு 3,071 பிரயாணிகள் அதில் ஏறியிருந்தனர். அவர்களுக்குப் பணிசெய்ய 1,166 ஊழியர்கள் இருந்தனர்.

புறப்பட்டுச் சில நாட்களுக்குள்ளேயே வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டவர்கள் கப்பல் வைத்தியரின் அறைவாயிலிலே வரிசையாய் நின்றனர். சுகாதார அதிகாரிகள் இடைவழியில் கப்பலேறி ஆராய்ந்தனர். செல்லவிருந்த துறைமுகங்களிற் சில கைவிடப்பட்டன. குறித்த நாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக, சனவரி 29 ஆந் திகதி, கப்பல் புறப்பட்ட துறைக்கே மீண்டது. கணக்கெடுத்துப் பார்த்தபோது பிரயாணிகளுள் 634 பேரும் ஊழியர்களுள் 55 பேரும் நோயுற்றிருந்தனர். பிரயாணிகளில் ஐவருக்கு ஒருவர் என்பது இதன் பொருள். கம்பனியார் கட்டணத்தில் ஒரு பாதியைத் திருப்பிக் கொடுத்தனர். பிறிதொரு பயணத்திற் கழித்துக்கொள்ளுமாறு மேலும் அவ்வளவு சலுகையும் வழங்கினர். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆண்டு முழுவதும் காத்திருந்து பெற்ற விடுமுறையை யார் திருப்பிக் கொடுப்பது?

இத்துணைத் தொல்லைக்கும் காரணமாயிருந்தது நோரோ வைரசு என்னும் நுண்கிருமி. இதன் வரலாறு என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தனி ஆர்வம் தருவது. ஏனெனில், இக்கிருமியை உலகிற்குக் காட்டிக்கொடுத்தது ஒரு பாடசாலை. 1968 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து நோர்வாக் என்னும் ஊரில், ஆரம்பப் பாடசாலையொன்றின் மாணவரிலும் ஆசிரியரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டொரு நாட்களுக்குள் வயிற்று நோய்க்கு ஆளாயினர். அவர்களிடமிருந்து வீட்டிலுள்ளோர் பலருக்கும் அது தொற்றியது. அப்போது சேர்த்து வைக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்த அல்பேர்ட் கப்பிக்கியன் என்னும் விஞ்ஞானி, 1972 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியாற் கிருமியைக் கண்டறிந்தார். ஊரின் பெயராகிய நோர்வாக் என்பதிலிருந்தே நோரோ என்னும் பெயர் பிறந்தது.

இதன் உருவம் எவ்வளவு சிறியது? ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக வகுத்தால், அக்கூறுகளில் முப்பது நாற்பதுக்குள் இக்கிருமி அடங்கிவிடும். உருவிற் சிறியதாயினும் ஆற்றலிற் பெரியது. நோயாளியின் வாந்தியிலும் மலத்திலும் கோடிக்கணக்கான கிருமிகள் வெளிவருகின்றன. மற்றொருவரை நோயாளியாக்குவதற்கோ நூற்றுக்கும் குறைவானவையே போதும். உடலிற் புகுந்து 12 மணித்தியாலம் முதல் 48 மணித்தியாலத்துக்குள் நோய் வெளிப்படும். திடீரென வாந்தி, வயிற்றோட்டம், வயிற்று வலி, சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். பெரும்பாலானோர் ஒன்று முதல் மூன்று நாட்களிற் குணமடைவர்.

இங்கே கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நோய் நீங்கியவுடன் கிருமியும் நீங்கிவிடுவதில்லை. குணமடைந்த பின்னரும் இரண்டு கிழமைகளோ அதற்கு மேலாகவோ மலத்தோடு அது வெளியேறிக்கொண்டிருக்கும். கதவுக் கைபிடியிலும் மேசை விளிம்பிலும் நாட்கணக்கிற் கிடந்து பிழைத்திருக்கவும் அதற்கு இயலும். ஒரு முறை நோயுற்றவருக்கு மீண்டும் வராது என்றும் சொல்வதற்கில்லை. அதன் வகைகள் பல, உடல் பெறும் எதிர்ப்புச் சக்தியோ நெடுங்காலம் நிலைப்பதில்லை.

இனி, இத்தகைய கிருமிக்குக் கப்பல் எவ்வாறு வாய்ப்பான இடமாகின்றது என்று பார்ப்போம். கப்பலிலே மூவாயிரம் பேர் ஒரே மண்டபங்களில் உண்கின்றனர். விரும்பியதைத் தாமே எடுத்துண்ணும் விருந்து மேசையில், ஒரே அகப்பையை நூறு கைகள் பற்றுகின்றன. படிக்கட்டின் கைபிடி, மின்தூக்கியின் பொத்தான், சூதாட்ட மண்டபத்துச் சீட்டு, நூல்நிலையத்துப் புத்தகம் ஆகிய யாவும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஆக, எந்த ஒன்றுகூடலை விரும்பி மக்கள் பணம் கொடுத்துக் கப்பலேறுகின்றனரோ, அந்த ஒன்றுகூடலே கிருமிக்கும் வழியாகின்றது. பயணம் முடிந்ததும் காலையில் ஒரு கூட்டம் இறங்க, அன்று மாலையே மறு கூட்டம் ஏறுகின்றது. இடையிலே கிடைக்கும் சில மணி நேரத்திற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகளைத் துப்புரவாக்க வேண்டும். ஏதேனும் ஒரு மூலை தவறினால், பழைய பயணத்தின் நோய் புதிய பயணத்தைத் தொடரும்.

எனினும் கப்பல்தான் இந்நோயின் பிறப்பிடம் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவிலே பதிவாகும் நோரோ வைரசுப் பரவல்களில் நூற்றுக்கு ஒன்றளவே கப்பல்களைச் சார்ந்தது. ஏனையவை முதியோர் இல்லங்களிலும், வைத்தியசாலைகளிலும், உணவுச்சாலைகளிலும், பாடசாலைகளிலும் நிகழ்பவை. கப்பற் செய்திகள் நம் காதில் அடிக்கடி விழுவதற்குக் காரணம், அங்கே சட்டப்படி கணக்கு வைக்கப்படுவதேயாகும். 1975 ஆம் ஆண்டு முதல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பிரயாணக் கப்பல்களுக்கென அந்நாட்டின் நோய்த் தடுப்பு நிலையம் ஒரு சுகாதாரத் திட்டத்தை நடத்தி வருகின்றது. அதிகாரிகள் முன்னறிவித்தலின்றிக் கப்பலிற் புகுந்து, சமையலறை முதல் குடிநீர்த் தொட்டி வரை சோதித்து நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி இடுவர். 85 புள்ளியும் அதற்குக் கீழும் தேறாப் புள்ளிகள். பிரயாணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு இருவர் நோயுற்றாற் கப்பற்றலைவர் அறிவித்தல் கொடுக்க வேண்டும்; நூற்றுக்கு மூவரானால் அச்செய்தி கப்பலின் பெயரோடு பொதுமக்களுக்கு வெளியிடப்படும். எங்கள் பரீட்சைப் பெறுபேறுகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் பரவத் தொடங்கியதும் கப்பலின் முகமே மாறிவிடுகின்றது. விருந்து மேசையில் எவரும் தாமாக எடுத்துண்ண இயலாது. கையுறை அணிந்த ஊழியரே பரிமாறுவர். உப்புக் குப்பிகள் மேசையினின்று மறையும். ஊழியர்கள் குளோரீன் கலந்த நீர்கொண்டு கைபிடிகளை இரவும் பகலும் துடைத்துக்கொண்டிருப்பர். நோயுற்ற பிரயாணி தன் அறைக்குள் அடைபட்டிருக்க வேண்டும். நோய்க்குறிகள் நீங்கி ஒரு முழுநாள் கழியும்வரை அவருக்கு வெளியே இடமில்லை. உணவைக் கையாளும் ஊழியராயின் இரண்டு முழுநாட்கள். வெளியே வாத்தியம் முழங்கும். தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும். அவரோ நான்கு சுவர்களுக்குள், காய்ந்த விசுக்கோத்தும் தண்ணீருமாகப் படுத்திருப்பார். நலமாயிருப்பவரும் அயலவரைக் கண்டால் ஐயத்தோடு ஒதுங்குவர். உல்லாசப் பயணத்தின் உயிராகிய கலகலப்பு அற்றுப்போகின்றது.

சிக்கல் இங்கேதான் தோன்றுகின்றது. கப்பலேறும் முன் ஒவ்வொரு பிரயாணியிடமும் ஒரு படிவம் நீட்டப்படும். அண்மையில் உமக்கு வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்ததா என்று அதிற் கேட்கப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு துறைமுக வாயில்வரை வந்துவிட்ட தந்தை ஒருவர், முதல்நாள் இரவு தமக்கு வயிற்றோட்டம் இருந்தது என்று எழுதுவாரா? எழுதினால் ஏறவிடாமல் தடுக்கப்படலாம். ‘இல்லை’ என்று ஒரு கோடு இழுத்துவிட்டால் எல்லாம் எளிதாய் முடிந்துவிடும். ஊழியர் நிலையும் இத்தகையதே. குடும்பத்தை ஊரிலே விட்டு, மாதச் சம்பளத்தை நம்பிக் கடலேறிய சமையல் உதவியாளர், நோயைச் சொன்னால் வேலைக்கு இழுக்கு வருமோ என்று அஞ்சினால், வயிற்றைப் பிடித்துக்கொண்டே சோறு பரிமாறுவார்.

இதனைக் கூறும்போது என் பாடசாலையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைக் கண்டிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். விடியற்காலை பஸ் புறப்படுமுன், “யாருக்காவது சுகமில்லையென்றால் இப்போதே சொல்லுங்கள்; அவர்கள் வரவேண்டாம்” என்று நான் உரத்த குரலிற் கூறினேன். எவரும் வாய் திறக்கவில்லை. மதியத்துக்கு முன்னரே ஒரு சிறுவன் பஸ்ஸினுள் வாந்தியெடுத்தான். ஊர் திரும்பிய மறுநாள் எட்டு மாணவர் வரவில்லை. மூன்றாம் நாள் ஓர் ஆசிரியையும் வரவில்லை. அது எக்கிருமியாலானது என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. குணமாகி வந்த சிறுவனை அழைத்து, “ஏன் தம்பி முதலிலேயே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொன்னால் என்னை விட்டுவிட்டுப் போயிருப்பீர்கள், சேர்” என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. உண்மை சொல்பவனுக்குத் தண்டனையும், மறைப்பவனுக்குச் சுற்றுலாவும் என்று ஏற்பாடு செய்தவன் நானன்றோ? அடுத்த ஆண்டு முதல், “சுகமில்லாதவர் சொல்லுங்கள், உங்கள் பணம் திரும்பக் கிடைக்கும், அடுத்த தவணையில் உங்களுக்கென வேறொரு நாள் ஒழுங்கு செய்வோம்” என்று கூறலானேன். அவ்வாண்டு இரண்டு பிள்ளைகள் தாமாகவே வந்து சொன்னார்கள்.

கப்பல்களுக்கும் இதுவே மருந்து. நோயை அறிவிப்பவருக்குக் கட்டணமின்றி வைத்தியம், பயணத்தைப் பின்போட வசதி, ஊழியருக்குச் சம்பளக் குறைவின்றி ஓய்வு ஆகியவற்றை எவ்வளவுக்கு ஒரு கம்பனி உறுதி செய்கின்றதோ, அவ்வளவுக்கு அதன் படிவங்களில் உண்மை எழுதப்படும். குளோரீன் நீரால் கைபிடியைக் கழுவலாம். படிவத்திலே எழுதிய பொய்யைக் கழுவ அதனால் இயலாது.

நேயர்களே, இந்நோய் நலமுள்ள உல்லாசப் பிரயாணிக்கு மூன்று நாள் துன்பம், எளியோருக்கோ உயிராபத்து. உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 68 கோடியே 50 இலட்சம் பேரை நோரோ வைரசு தாக்குகின்றது என்றும், சுமார் 50,000 குழந்தைகள் அதனால் மடிகின்றனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். உடலிலுள்ள நீர் வற்றிப்போவதே மரணத்துக்குக் காரணம். இதற்கெனத் தனி மருந்து இல்லை; பொதுமக்களுக்கு வழங்கத்தக்க தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே சிகிச்சை. நாம் ஜீவனி என்று வாங்கும் பொடியைச் சுத்தமான நீரிற் கரைத்து, சிறிது சிறிதாக, அடிக்கடி பருகக் கொடுக்கவேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும்.

தடுப்பதற்கு வழி மிக எளியது. மலசலகூடம் சென்று வந்த பின்னும், உணவைத் தொடுமுன்னும் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில், குறைந்தது இருபது வினாடிகள் கைகளைத் தேய்த்துக் கழுவுங்கள். கையிற் பூசிக்கொள்ளும் மதுசாரத் திரவம் இக்கிருமியை நன்றாகக் கொல்வதில்லை. அது சவர்க்காரத்துக்கு ஈடாகாது. நோயுற்றவர் சமையலறைப் பக்கம் செல்லலாகாது; குணமடைந்த பின்னும் இரண்டு நாட்கள் பிறருக்குச் சமைக்கலாகாது. கலியாண வீட்டில் அகப்பை பிடிப்பவருக்கும், பாடசாலை உணவு சமைக்கும் தாய்மாருக்கும் இவ்விதி பொருந்தும்.

களவும் கரவும் அறியாத ஒருவரைக் ‘கை சுத்தமானவர்’ என்று போற்றுவது நம் வழக்கம். கையைக் கழுவுவதையும் உண்மையைச் சொல்வதையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் உணர்த்தினர். கடலிலே மிதக்கும் மாளிகையாயினும், கண்டிக்குப் போகும் பஸ்ஸாயினும், உடன் வருவோரின் நலத்தை இவ்விரண்டு சுத்தங்களுமே காக்கின்றன. அடுத்த முறை “சுகமில்லை” என்று ஒரு பிள்ளையோ, ஒரு தொழிலாளியோ உங்களிடம் வந்து சொன்னால், அச்சொல் பலரைக் காத்தது என்பதை நினைந்து, இன்முகத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.